மலர்களின் கீழே ஒரு முகம்

எம்மூராகிய அளவெட்டிக்கு அணித்தே, தெருவோரத்தில், பழைய மடம் ஒன்று உளது. பக்கத்தே சுமைதாங்கியும் ஆவுரோஞ்சிக் கல்லும் ஒரு கிணறும் உள. முன்னாளிலே கோயில்களுக்குக் கால்நடையாகச் செல்வோர் அங்கே இளைப்பாறி, மோரோ சர்க்கரைத் தண்ணீரோ பருகிச் செல்வர். அம்மடத்தின் உட்சுவரிலே செந்தாமரையும் செவ்வரத்தையும் கொடியும் இலையுமாகப் பெரியதொரு மலர்ச் சித்திரம் எனாமல் வர்ணத்தினால் எழுதப்பட்டிருக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன், மாரிமழை பெய்து ஓய்ந்த ஒரு மார்கழியிலே, கூரை ஒழுக்கினால் நனைந்த அச்சுவரின் வர்ணம் செதில் செதிலாக உரிந்தது. தாமரை இதழொன்று உதிர்ந்த இடத்திலே ஒரு கண் காணப்பட்டது. பின்னர் நெற்றியிலே திருநீற்றின் மூன்று கீற்றும், ஒரு காதும், தோளின் வளைவும் வெளிப்பட்டன. எஞ்சிய உருவம் இன்றும் மலர்களின் கீழேயே மறைந்து கிடக்கின்றது.

கண்டவர்களிடையே உடனே வழக்குத் தோன்றிற்று. பாடசாலைகளிலே மாட்டப்பெற்ற நாவலர் பெருமானின் படத்தைப் பார்த்து எழுதிய உருவமே அது என்றனர் ஒருசாரார். மடத்தைக் கட்டுவித்த பெரியவரின் உருவம் என்றனர் மற்றொருசாரார். இவ்வழக்கின் பின்னே வேறொரு வழக்கும் எழுந்தது. மலர்களைச் சுரண்டிவிட்டு முகத்தை முழுதுங் காண்போம் என்றனர் இளைஞர். மலர் எழுதியவரும் நம்மவரே, அவர் கைவேலையை அழிக்க எமக்கு உரிமையில்லை என்றனர் மூத்தோர். இரண்டையும் விட்டுச் சுவரை உரசித் துப்புரவாக்கிப் புது வர்ணம் பூசுவதே செலவு குறைந்த வழி என்றார் மடத்துப் பரிபாலகர்.

இவ்வழக்கைத் தீர்க்கும் நீதிபதிகளாக நாம் எம்மைக் கருதவில்லை. ஆயினும் மேலே ஒரு சித்திரம், கீழே ஒரு சித்திரம் என்னும் இந்நிலை எம்மூர் மடத்துக்கு மட்டும் உரியதன்று. பேரரசன் எடுப்பித்த பெருங்கோயிலிலும், மேனாட்டு நூதனசாலைகளிலும் இதே வினா எழுந்துள்ளது. அறிஞர் பலர் பல விடைகளைக் கண்டுள்ளனர். அவற்றை அறிந்தபின் எம் வழக்கைப் பார்ப்பது நலம்.

முதற்கண் தஞ்சைப் பெரிய கோயிலை நோக்குவோம். 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராச சோழன் எடுப்பித்த அக்கோயில் 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருவாயையும் அம்மன்னன் அதற்கு அளித்தான் என்பது கல்வெட்டுச் செய்தியாதலின், அக்கோயிலின் வரலாற்றில் எம் நாட்டுக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. கருவறையைச் சூழ, உட்சுவருக்கும் புறச்சுவருக்கும் இடையே, ஒடுங்கிய இருண்ட சுற்றுவழியொன்று உளது. அதன் சுவர்களிலே 16, 17ஆம் நூற்றாண்டுகளில் தஞ்சையை ஆண்ட நாயக்கர் காலத்து ஓவியங்கள் நெடுங்காலம் காணப்பட்டன. அவற்றையே கோயிலின் சித்திரங்கள் என எல்லோரும் எண்ணியிருந்தனர்.

1931ஆம் ஆண்டிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி என்னும் அறிஞர் அவ்விருட்டு வழியிலே விளக்கொளியுடன் புகுந்து ஆராய்ந்தார். மேற்சாந்து உதிர்ந்திருந்த இடங்களிலே, உள்ளே மற்றொரு சாந்தும் அதன்மீது வேறு கையினால் எழுதிய வேறு சித்திரமும் இருத்தலைக் கண்டார். அதுவே சோழர் காலத்து ஓவியம். ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகள் கழிந்தபின், அதுவும் மேற்படை பழுதுற்றமையாலேயே, அது மீண்டும் மனிதர் கண்ணிற் பட்டது.

வெளிப்பட்ட காட்சிகளுள் சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறு சிறப்புடையது. திருமண நாளிலே முதியவர் வேடத்தில் வந்த இறைவன் ஓலை காட்டி வழக்குரைப்பதும், சுந்தரர் வெள்ளை யானை மீதும் சேரமான் பெருமாள் குதிரை மீதும் கயிலை செல்வதும் அங்கே உள. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது 12ஆம் நூற்றாண்டில். இச்சித்திரமோ அதற்கு நூறாண்டுக்கு மேல் முற்பட்டது. அடியார் வரலாறு சேக்கிழாருக்கு முன்னரே தமிழ்நாட்டில் எத்துணை விரிவாக வழங்கிற்று என்பதற்கு அச்சுவர் சான்றாய் நிற்கின்றது. மேற்சாந்து முழுதும் உறுதியாய் நின்றிருப்பின் இச்சான்று எமக்குக் கிட்டியிராது.

அவற்றினும் புகழ் வாய்ந்தது இருவர் நிற்கும் ஓர் உருவப்படம். ஒருவர் தாடியுடைய முதியவர், மற்றவர் இளையவர். முதியவர் கருவூர்த் தேவர் என்றும் இளையவர் இராசராசன் என்றும் பலர் கொள்வர். பாடநூல்களிலும் நாட்காட்டிகளிலும் அம்மன்னனின் முகமாக இப்படமே பெரிதும் பரவியுள்ளது. ஆயினும் இன்னார் எனக் குறிக்கும் எழுத்து எதுவும் அச்சித்திரத்தின்கீழ் இல்லை. ஆகவே, இக்கூற்றை ஏற்காத அறிஞரும் உளர். தமிழருள் மிகப் பெரிய அரசன் ஒருவனின் முகத்தைப் பற்றியே இந்த ஐயம் இருக்குமாயின், எம் மடத்துச் சுவரிலுள்ளவர் நாவலரா, கட்டுவித்தவரா என்னும் ஐயம் வியப்புக்குரியதன்று. பெயரெழுதாத உருவம், அறிந்தோர் மறைந்தபின், யாருடைய உருவமும் ஆகிவிடுகின்றது.

இனி, கீழிருந்த சோழர் ஓவியம் அத்தனை காலம் எவ்வாறு அழியாது நின்றது? இதற்கு விடை இரசாயனத்தில் உளது. சென்னை அரசாங்க நூதனசாலையின் இரசாயனவியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் அச்சாந்துகளை ஆராய்ந்து, சோழர் ஓவியம் ஈரச் சுவரோவிய முறையில் எழுதப்பட்டது என நிறுவினார். சுண்ணச் சாந்தைப் பூசி, அது உலருமுன் நீரிற் குழைத்த வர்ணத்தை இடுவது அம்முறை. சாந்திலுள்ள சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்றுக் கல்சியங் காபனேற்றாக மாறுகின்றது. அஃதாவது, மீண்டுங் கல்லாகின்றது. கல்லாகும்போது காவிமண், மஞ்சட்காவி, பச்சைமண், கரி ஆகிய வர்ணத் துகள்களைத் தன்னுட் பற்றிக்கொள்கின்றது. பசையோ எண்ணெயோ அங்கு வேண்டியதில்லை. வர்ணம் சுவரின்மேல் ஒட்டிய தோலாக இராமற் சுவரின் பகுதியாகவே ஆகிவிடுகின்றது. ஓவியன் சாந்து உலருமுன் எழுதி முடித்தல் வேண்டும். தவறினால் திருத்துதல் அரிது. அக்கைத்திறனை எண்ணும்போது எம் உள்ளம் வியப்பெய்துகின்றது.

மற்றொரு காரணமும் உண்டு. நாயக்கர் காலத்துச் சாந்து கீழுள்ள ஓவியத்தை மறைத்தது உண்மை. அதுவே விளக்குப் புகையிலிருந்தும், வௌவால் எச்சத்திலிருந்தும், சுவரைத் தடவிச் செல்லும் கைகளிலிருந்தும் அவ்வோவியத்தைக் காத்ததும் உண்மை. நாயக்கர் காலத்தார் பகைமையினால் அதனை மூடினர் எனக் கருதச் சான்றில்லை. புகையேறி மங்கிய சுவரைப் புதுப்பித்தல் திருப்பணி என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். எம் காலத்துப் பரிபாலகர் எண்ணுவதும் அதுவே.

சோழர் ஓவியம் வெளிப்படவேண்டுமாயின் நாயக்கர் ஓவியத்தை அழித்தல் வேண்டுமோ? அதுவும் முந்நூறு நானூறு ஆண்டுப் பழைமையுடையதாயிற்றே. இந்தியத் தொல்லியல் துறையின் இரசாயனப் பிரிவினர் இதற்கு அரியதொரு வழி கண்டனர். மேற்சாந்தைச் சித்திரத்தோடு கூடவே கீழ்ச்சாந்திலிருந்து மெல்லப் பிரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளிற் பதித்தனர். அவ்வாறு பிரித்த நாயக்கர் ஓவியங்கள் கோயில் வளாகத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. கீழிருந்த சோழர் ஓவியமும் ஒளி கண்டது. இரண்டுந் தப்பின. சுவரின் ஒவ்வொரு சாண் அளவுக்கும் பயின்ற கையும், மிகுந்த பொறுமையும், பெரும் பொருளும் வேண்டிய வேலை அது. கத்தியும் உப்புத்தாளும் கொண்டு செய்யத்தக்கதன்று என்பதை இளைஞர் உளங்கொள்வாராக.

தஞ்சையில் இரு சாந்துப் படைகள் இருந்தமையாற் பிரித்தல் இயன்றது. ஒரே துணியில் ஒன்றன்மேல் ஒன்றாக எண்ணெய் வர்ணம் இடப்பட்டிருப்பின் யாது செய்வது? இங்கே மேனாட்டார் அனுபவம் எமக்கு உதவும்.

ஒல்லாந்து தேசத்து ஓவியர் வின்சென்ற் வான் கோ 1853 முதல் 1890 வரை வாழ்ந்தவர். வறுமையினால் புதுத் துணி வாங்க இயலாத காலங்களில், தாம் முன் எழுதிய படத்தின்மீதே மற்றொரு படத்தை எழுதுவார். 1887இல் பாரிஸ் நகரில் அவர் எழுதிய புல்வெளிப் படமொன்று ஒல்லாந்தின் ஒற்றர்லோ என்னும் ஊரிலுள்ள குறொல்லர்-முல்லர் நூதனசாலையில் இருக்கின்றது. பச்சைப் புல்லின்கீழே மங்கலாக ஒரு தலை இருத்தலைச் சாதாரண எக்ஸ்-கதிர்ப் படம் முன்னரே காட்டியிருந்தது. ஆயின் முகம் இன்னதெனத் தெரியவில்லை.

2008ஆம் ஆண்டிலே யோரிஸ் டிக், கூன் யான்சென்ஸ் என்போரும் அவர்தம் துணைவரும் அப்படத்தை ஜேர்மனியிலுள்ள ஹம்பேர்க் நகருக்குக் கொண்டு சென்றனர். அங்கே மின்னேற்றம் பெற்ற நுண்டுகள்களைப் பெருவேகத்தில் வட்டமாக ஓட்டி, மிகச் செறிந்த எக்ஸ்-கதிர்களைப் பெறும் பொறி இருந்தது. மிக ஒடுங்கிய கதிரைப் படத்தின்மீது புள்ளி புள்ளியாகச் செலுத்தினர். கதிர் பட்ட ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய ஒளிக்கதிரைத் திருப்பி விடுகின்றது. அதனைக் கொண்டு எந்த மூலகம் எங்கே உளது எனப் படம் வரையலாம். செந்நிறத்துக்கு இடும் சாதிலிங்கத்தில் இரசம் உண்டு. ஒருவகை மஞ்சளில் அந்திமனி உண்டு. புல்லின் கீழே இரசமும் அந்திமனியும் பரவியிருந்த இடங்களைக் கோத்துப் பார்த்தபோது, உதடும் கன்னமும் நெற்றியுமாகக் குடியானவப் பெண்ணொருத்தியின் முகம் தெளிவாகத் தோன்றிற்று. சிறியதொரு சதுரத்தை ஆராய இரண்டு நாட் சென்றன. ஒரு புல்லின் நுனிக்கேனும் ஊறு நேரவில்லை. அம்முகம் வான் கோ 1884, 1885ஆம் ஆண்டுகளில் நூனன் என்னுஞ் சிற்றூரில் எழுதிய குடியானவர் முகங்களுள் ஒன்றென அறிஞர் கொண்டனர்.

அதே நூதனசாலையில் மலர்ச் சித்திரம் ஒன்றும் உண்டு. காட்டுப் பூக்களும் ரோசாக்களும் நிறைந்த, ஒரு மீற்றர் உயரமுள்ள பெரிய படம். வான் கோ இவ்வளவு பெரிய துணியில், இவ்வளவு நெருக்கமாகப் பூக்களை எழுதியிருப்பாரோ என ஐயுற்று, 2003ஆம் ஆண்டில் அதனை எழுதியவர் பெயரறியாதார் எனக் குறித்தனர். பின்னர்க் கதிர்கொண்டு ஆராய்ந்தபோது, பூக்களின்கீழே மற்போர் செய்யும் இருவர் உருவம் தென்பட்டது. 1886இல் அன்ற்வேர்ப் நகரக் கலைக்கழகத்திற் பயின்றபோது பெரிய துணியொன்றில் இரு மல்லரை எழுதியதாக வான் கோ தம் தம்பிக்குக் கடிதம் எழுதியிருந்தார். கடிதமும் கதிரும் ஒத்தன. 2012ஆம் ஆண்டில் அம்மலர்ச் சித்திரம் மீண்டும் அவர் பெயரைப் பெற்றது. மலர்களை எழுதியவர் இன்னார் என்பதற்கு மலர்களால் மறைக்கப்பட்டவரே சாட்சி கூறிய விந்தை இது. கீழுள்ளது மேலுள்ளதற்குப் பகையென எண்ணுவோர்க்கு இதனினும் சிறந்த விடை வேறில்லை.

எல்லா மேற்பூச்சும் இவ்வாறு மதிக்கத்தக்கதோ எனிற் கூறுவோம்: அன்று. எம் நாட்டுச் சிகிரியாவிலே, காசியப்பன் காலமாகிய 5ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட, கையில் மலரேந்திய மகளிர் ஓவியங்கள் உலகறிந்தவை. 1967ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் தீயோர் சிலர் அவற்றின்மீது பச்சை வர்ணத்தைப் பூசிச் சிதைத்தனர். இத்தாலியிலிருந்து வந்த லூசியானோ மறான்சி என்னும் நிபுணர் துணையோடு எம் தொல்லியல் திணைக்களத்தார் அவ்வர்ணத்தை அகற்றினர். அங்கே அகற்றுதலே அறம். வறுமையால் மூடியதும் ஒன்று. பத்தியால் மூடியதும் ஒன்று. பகையால் மூடியதும் ஒன்று. மூடியது எத்தகையது என முதலில் அறிந்தபின்னரே கை வைத்தல் வேண்டும்.

இப்பொழுது எம் மடத்துக்கு மீள்வோம். மூன்று கட்சியாருள் மிகப் பெருந் தீங்கு விளைக்கக் கூடியது பரிபாலகர் கூறிய மலிவான வழியே. சுவரை உரசினால் மலரும் போம், முகமும் போம். புது எனாமலும் நெடுநாள் நில்லாது. எம் குடாநாட்டுப் பழஞ் சுவர்கள் சுண்ணக்கல்லும் சுண்ணச் சாந்தும் கொண்டவை. நிலத்தின் ஈரம் அவற்றினூடே ஏறி, வெளிமுகத்தால் ஆவியாகும். எனாமல் அவ்வழியை அடைத்துவிடும். அடைபட்ட ஈரத்திலுள்ள உப்புகள் வர்ணத்தின் பின்னே பளிங்காகி அதனைத் தள்ளும். அந்த மார்கழியிலே தாமரை இதழ் உதிர்ந்தமைக்குக் காரணம் இதுவேயாம். ஆதலின் முதல் வேலை கூரை ஒழுக்கை நிறுத்துதல். சித்திரத்தைத் தொடுதல் அன்று.

இரண்டாவது, உள்ளதை உள்ளவாறு படம் பிடித்தல். கைவிளக்கைச் சுவரின் பக்கத்தே வைத்துச் சாய்வாக ஒளி வீசினால், நேரொளியிற் காணாத கோடுகளும் மேடுபள்ளங்களும் நிழலாகத் தெரியும். கரியினால் வரைந்த கோடுகள் மேல் வர்ணத்தின் ஊடாகச் செந்நிறக் கீழ்க்கதிர்க் கமராவுக்குப் புலப்படுதலும் உண்டு. விஞ்ஞானம் பயிலும் எம் மாணவர்க்கு இது நல்லதொரு பயிற்சியாகும். நீர், சோப்பு, அமிலம், கத்தி ஆகிய எவையும் சுவரை அணுகலாகாது. மேலும் அறியவேண்டின் தொல்லியல் திணைக்களத்தையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும் நாடுதல் தகும்.

மூன்றாவது, முதியோர் வாய்மொழியை எழுதிவைத்தல். மலரெழுதியவர் யார், எந்த ஆண்டில், எவர் சொற்படி என்பன இன்னும் சிலர் நினைவில் உள. அவர்கள் மறையின் தஞ்சை ஓவியத்துக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும்.

புதுச் சித்திரம் வேண்டுமென்று விரும்புவோர் அதனைப் பலகையிலோ துணியிலோ எழுதிச் சுவரிலிருந்து சற்றே விலக்கி மாட்டலாம். அவர்கள் விருப்பமும் நிறைவேறும்; சுவரும் மூச்சுவிடும்.

ஒரு மடத்துச் சுவருக்கு இத்துணை ஆரவாரம் எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். 1990ஆம் ஆண்டிலும் 1995ஆம் ஆண்டிலும் வலிகாமத்தார் வீடு விட்டுப் போந்ததை எம்மவர் மறவார். அரிசியும் உடுப்பும் குழந்தைகளும் கையில் இருந்தன. சுவரிற் கொழுவிய படங்கள் வீட்டிலேயே நின்றன. மீண்டபோது பலருக்கு வீடே இல்லை. தம் பாட்டன் முகத்தைக் காட்ட ஒரு படமேனும் இல்லாத குடும்பங்கள் எம்மூரிற் பல. அச்சுவரிலுள்ளவர் நாவலர் பெருமானாயின் அவருக்கு வேறு படங்கள் உண்டு. மடத்தைக் கட்டுவித்தவராயின், அவருக்கு இவ்வுலகில் எஞ்சியுள்ள முகம் அந்த ஒன்றே ஆகலாம். பெயர் பெற்றவர் முகம் எனில் மட்டும் காப்போம் என்பது நேரிய வழியன்று.

இவ்வாறு எடுத்துரைத்தபின் மூன்று கட்சியாரும் ஒருவாறு இணங்கினர். கூரை வேயப்பட்டது. சுவர் உரசப்படவில்லை, சுரண்டப்படவுமில்லை. கண்ணும் காதும் தோளும் தெரிய, எஞ்சியவை மலர்களால் மூடியபடியே இருக்கின்றன.

வழக்கின் முடிவு இப்பொழுது எம் பழைய மாணவர் கையில் இருத்தல் கூடும். மலர்கள் எழுதப்படுமுன் அம்மடத்தில் எத்தனையோ கலியாணக் கூட்டங்களும் திருவிழாக் கூட்டங்களும் நின்று படம் எடுத்திருக்கும். அவற்றுள் ஒன்று கொழும்பிலோ, இலண்டனிலோ, ரொறன்ரோவிலோ ஒரு பெட்டியின் அடியிற் கிடக்கலாம். மாப்பிள்ளையின் தலைப்பாகைக்குப் பின்னே அச்சுவரும் அவ்வுருவமும் முழுதாகத் தோன்றலாம். இம்மலரை வாசிக்கும் அன்பர்கள் தத்தம் பழைய படங்களை ஒருமுறை எடுத்துப் பார்ப்பாராக. முன்னே நிற்பவரை மட்டுமன்றிப் பின்னேயுள்ள சுவரையும் பார்ப்பாராக. அத்தகைய படம் கிடைப்பின் கல்லூரிக்கு அறிவித்தல் வேண்டும். ஓரிதழும் உதிராமல் அம்முகத்தை நாம் அறிவதற்கு அதுவே வழி.